இட்டு வைத்த புள்ளடி

தெமட்டகொடையை ஊடறுத்துச் செல்லும் பேஸ்லைன் வீதிக்கு இன்று டாக்டர் டனிஸ்டர் டி சில்வா மாவத்தை என்று பெயர். அவ்வீதியோரத்திலே ஒறியன் சிட்டி என்னும் கட்டடத் தொகுதி நிற்கின்றது. கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே இளைஞரும் யுவதிகளும் கடல்கடந்த நாடுகளின் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகின்றனர். சற்று அப்பால் புகையிரத இயந்திரங்கள் வந்து ஒதுங்கும் பணிமனை. இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னாலும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சுவரோடு சுவராக வாழும் தோட்டங்களும் தொடர்மாடிகளும் உள்ளன. இத்தொடர்மாடிகளுள் ஒன்றில், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியொன்றைக் க.பொ.த. சாதாரண தரத்திற்குப் படிக்கும் சிறுவன் ஒருவன் உயிர்ப்பிக்க முயன்றபோது நாமும் உடனிருந்தோம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத கட்டற்ற பணிசெயல் முறைமையொன்றை அவன் நிறுவிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் ஒழுங்காக நடந்தது. அதன்பின் திரையில் ஒரு பட்டியல் தோன்றியது. எந்தெந்த மென்பொருட் பொதிகள் வேண்டும் என்று நிறுவி கேட்டது. சில பெட்டிகளில் அடையாளம் ஏற்கெனவே இடப்பட்டிருந்தது.

“மாமா, இதில எதுக்குப் புள்ளடி போடுறது? முதலே போட்டிருக்கே” என்றான் சிறுவன்.

பணிமனையிலே இருபது ஆண்டு வேலை பார்த்த மாமா கண்ணாடியைச் சரிசெய்து திரையைப் பார்த்தார். “தெரிஞ்சவங்கதானே போட்டிருப்பாங்க. நீ அப்படியே விடு” என்றார்.

சிறுவன் விட்டான். அந்தக் கணினி தாங்கமாட்டாத பாரமான திரைச்சூழல் ஒன்று அதில் ஏறிற்று. சுட்டியை அசைத்தால் அம்பு மூன்று விநாடி கழித்து அசைந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் கூறிய முடிபு, “எங்கட கம்பியூட்டர் சரியில்லை” என்பதே. அதே பட்டியலிலே, சில வரிகள் கீழே, அப்பழைய இயந்திரம் இலகுவாகச் சுமக்கக்கூடிய வேறொரு திரைச்சூழலின் பெயரும் இருந்தது. ஆனால் அங்கே பெயர் மட்டுமே இருந்தது. அது எத்தகையது, எவ்வளவு நினைவகம் கேட்கும், எவருக்கு ஏற்றது என ஒரு சொல்லும் பக்கத்தில் இல்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் எம்மை உறுத்தியது ஒன்று உண்டு. மாமா தம் வாழ்நாளில் கண்டறியாத யாரோ ஒருவரை நம்பினார். நம்பிக்கை பிழைத்தபோது மருமகன் பழியைத் தன் உடைமைமீது போட்டுக்கொண்டான். புள்ளடி இட்டவர்மீது எவருக்கும் சந்தேகம் வரவில்லை. இட்டவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே அவ்வீட்டில் எழவில்லை. இப்பட்டியலை ஆக்குவோர் யார்க்குக் கடமைப்பட்டவர் என்பதே இங்கு எமது கேள்வி. பொறியியல் தெரிந்தோர் இதனைப் பொறியியற் பிரச்சினை என்பர். நாம் அதனை ஒழுக்கவியற் பிரச்சினை என்றே கருதுகின்றோம்.

பொதி என்பது யாது என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. கட்டற்ற பணிசெயல் முறைமை ஒரே கல்லிற் செதுக்கிய சிலையன்று. பல நூறு பேர், பல நாடுகளில், பெரும்பாலும் கூலியின்றி எழுதிய சிறு சிறு மென்பொருள்களின் தொகுப்பு. ஒவ்வொன்றும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு பொதி வேறு சில பொதிகளைச் சார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாமல் எழுத்துச் செயலி இல்லை, அச்சுப் பொதி இல்லாமல் அச்சு இல்லை. எதனை எடுப்பது, எதனை விடுவது என்பதை நிறுவும் வேளையிலே தீர்மானித்தாக வேண்டும்.

இத்துறையின் மூத்த அமைப்புகளுள் ஒன்றான டெபியன் 1993ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இயன் மேர்டொக் என்பவராலே தொடங்கப்பட்டது. 1996இல் வெளிவந்த அதன் 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. அக்காலத்துப் பயனர் டிசெலெக்ட் என்னும் கருவியைக்கொண்டு, நூற்றுக்கணக்கான பெயர்களை வரிவரியாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டியிருந்தது. ஒன்றைத் தெரிந்தால் அது சாரும் பொதிகளும் அதனோடு முரண்படும் பொதிகளும் இன்னொரு திரையிலே வந்து நிற்கும். அத்திரையிலிருந்து வெளியேறும் வழி தெரியாது தவித்தவர் தொகை கொஞ்சமன்று. டிசெலெக்ட் என்ற பெயரைக் கேட்டு இன்றும் சிரிக்கும் பழையவர் உள்ளனர். பொதிகள் நான்காயிரத்தை நெருங்கிய 2000ஆம் ஆண்டில், 2.2 பதிப்போடு, டாஸ்க்செல் என்னும் வேறொரு கருவி வந்தது. அது பொதிகளைக் கேட்கவில்லை, பணிகளைக் கேட்டது. மேசைக் கணினியா, வலைச் சேவையகமா, எது வேண்டும் என்றது. ஒரு பணியைத் தெரிந்தால் அதற்குரிய பொதிகள் தாமே வந்து சேரும். 2025ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வெளிவந்த 13ஆம் பதிப்பிலே பொதிகளின் தொகை 69,830. பயனர் முன் தோன்றும் பட்டியலோ ஏறக்குறைய ஒரு கையகலம்.

ஏனையோரும் இதே வழியில் வந்தனர். 2004இல் தோன்றிய உபுண்டு ஒரு பணிக்கு ஒரு மென்பொருள் என்று தானே தெரிந்து, யாவற்றையும் ஒரே குறுந்தட்டில் அடக்கி, கேள்வியையே நீக்கிவிட்டது. அத்தட்டுகளைக் கேட்டவர்க்கெல்லாம் தபாலில் இலவசமாகவும் சில ஆண்டுகள் அனுப்பியது. பெடோராவின் நிறுவி 2013இல் புதிதாக எழுதப்பட்டபோது தனிப் பொதிகளைத் தெரியும் வசதி எடுக்கப்பட்டுக் குழுக்கள் மட்டும் எஞ்சின. நம் நாட்டிலே, கண்டிக்கு அருகேயுள்ள மலைத்தொடரின் பெயர் தாங்கிய ஹந்தானை லினக்ஸ் எதிர்த்திசையிற் சென்றது. பெடோராவை அடிப்படையாகக் கொண்ட அத்தொகுப்பு கல்வி மென்பொருள்களையும் ஒலி, ஒளிக் கோப்புகளுக்கு வேண்டிய பொதிகளையும் முன்கூட்டியே நிறைத்துத் தந்தது. இணையத் தொடர்பு மெலிந்த பாடசாலையில் ‘பிறகு இறக்கிக்கொள்ளலாம்’ என்ற வார்த்தைக்குப் பொருளில்லை என்பதை அதனை ஆக்கியோர் அறிந்திருந்தனர். அமெரிக்க நகரொன்றிலே பாரம் எனப்படுவது பண்டாரவளையில் வசதியாகலாம்.

இவ்வரலாற்றைச் சிலர் முன்னேற்றமாகவும் சிலர் வீழ்ச்சியாகவும் பார்க்கின்றனர். முன்னது கடினத்திலிருந்து இலகுவுக்கு வந்தோம் என்பது; பின்னது சுதந்திரத்திலிருந்து மேய்ப்புக்கு வந்தோம் என்பது. இரண்டும் பாதி உண்மை. 474 பெயர்களைக் கொட்டி ‘தெரிந்துகொள்’ என்பது சுதந்திரமன்று. அது ஆங்கிலமும் ஓய்வும் அறிவும் உடையவர்க்கு மட்டும் சுதந்திரம். எழுத்தறியாதவன் முன்னே நூலகத்தைத் திறந்து வைத்துவிட்டு ‘எல்லாம் உனக்கே’ என்பது போன்றது. மறுபக்கத்தில், கேள்வியையே கேளாது விடுவது, இவனுக்கு விளங்காது என்று தலைக்கு மேலே தீர்மானிப்பது. எம் மக்களுக்கு நன்கு பழக்கமான பழைய அதிகார மனப்பாங்கு அது. உண்மையில் டிசெலெக்ட் கேட்ட கேள்விகள் மறையவில்லை. அவற்றுக்கு முன்கூட்டியே விடையளிக்கப்பட்டுவிட்டது. விடையளித்தவர் வேறொருவர், அவ்வளவே.

முன்கூட்டிய அவ்விடைக்குத் தமிழிலே மென்பொருள் பெயர்ப்போர் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘இயல்பிருப்பு’ என்பது. சொல் அழகானது, அழகே அதன் ஆபத்து. இதில் இயல்பு எங்கே இருக்கின்றது? மழை பெய்வது இயல்பு. மாங்காய் கனிவது இயல்பு. ஒரு பெட்டியில் அடையாளம் இடப்பட்டிருப்பது ஒருவர் செய்த காரியம். கூட்டத்தில் வாதாடி, வாக்கெடுத்து, சிலவேளை சலித்துப்போய்ச் செய்த காரியம். மனிதர் செய்ததை இயற்கையின் தலையிற் சுமத்துவது புதியதன்று. நிலம் சிலரிடமிருப்பதும் பலரிடமில்லாதிருப்பதும் இயல்பென்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! நாட்டு வழக்கில் ஒரு சொல் வேண்டுமாயின் ‘இட்டு வைத்த புள்ளடி’ என்போம். வாக்குச்சீட்டிலே நாம் இடும் புள்ளடி எத்துணை பெறுமதியுடையது என்பது எம்மவர்க்குத் தெரியும். ஏற்கெனவே புள்ளடியோடு அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கையிற் கொடுத்து, ‘விருப்பமில்லையேல் அழித்துவிட்டு வேறிடத்தில் இடு’ என்றால் எவரும் ஒப்பார்.

உவமை முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். வாக்குச்சீட்டிலே வெற்றிடமாக விடுதல் இயலும். நிறுவியிலே வெற்றிடமும் ஒரு தெரிவு. எப்பெட்டியிலும் அடையாளமில்லாது விட்டால், கறுப்புத் திரையும் ஒளிரும் கோடும் உடைய, தெமட்டகொடைச் சிறுவனுக்குப் பயனற்ற ஓர் இயந்திரமே எஞ்சும். ஆகவே எவரோ ஒருவர் ஏதோ ஒன்றை முன்கூட்டியே இட்டுத்தான் ஆகவேண்டும். இடுவதா, விடுவதா என்பதன்று எமது வினா. இடுகிறவர் யாரை மனத்திற்கொண்டு இடுகிறார்? இட்டதை மறைக்கின்றாரா, காட்டுகின்றாரா?

இலாப நோக்கம் புகும்போது இவ்வினா எத்தகைய வடிவெடுக்கும் என்பதற்கு ஐரோப்பாவிலே தக்க சான்றுண்டு. விண்டோஸுடன் தன் இசைபரப்பியையும் பிணைத்து விற்றதற்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2004ஆம் ஆண்டு மார்ச்சில் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்து, அது இல்லாத பதிப்பொன்றையும் விற்கும்படி பணித்தது. அப்பதிப்பு வந்தது, விலை மற்றதன் விலையே. வாங்குவார் அரிதாயினர். ஒன்று குறைந்த பொருளை அதே விலைக்கு எவன் வாங்குவான்? பின்னர் உலாவிகள் பற்றிய வழக்கிலே, பல உலாவிகளை வரிசையாகக் காட்டிப் பயனரையே தெரியச்சொல்லும் திரை 2010இல் நடைமுறைக்கு வந்தது. வரிசையில் முதலிடம் பெறுவது நன்மை என்பதால் ஒவ்வொரு முறையும் வரிசை குலுக்கப்படும் என்றனர். குலுக்கல் சரியாக நிகழவில்லை என்பதைக் கண்டு திருத்தவேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிது பின்னர் நடந்தது. 2011 மே முதல் 2012 யூலை வரை, விண்டோஸ் 7இன் ஒரு மேம்படுத்தலில் அத்திரை தோன்றவேயில்லை. ஒன்றரைக் கோடிப் பேர் அதனைக் காணவில்லை. 2013இல் 561 மில்லியன் யூரோ தண்டம். தண்டத் தொகையை விட எமக்கு வியப்பளிப்பது அந்தப் பதினான்கு மாத மௌனமே. தெரிவு செய்யும் உரிமை காணாமற் போனதை, உரிமையுடைய ஒன்றரைக் கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோர் உணரவில்லை. உரிமையைப் பட்டியலாகக் கையிற் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கட்டற்ற மென்பொருளிலே விற்பனை நோக்கமில்லை. ஆயினும் அங்கும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதைத் தமிழ் வாசகர் தம் மொழியின் கதையிலேயே காணலாம். டெபியனின் நிறுவியில் தமிழும் ஒரு மொழி. 2007 ஏப்பிரிலில் வந்த 4.0 பதிப்பிலே முதன்முறையாக வரைகலைத் திரையும் சேர்க்கப்பட்டது. எழுத்துத் திரையினால் தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம் போன்ற எழுத்துகளைச் சரியாக வரைய இயலாது; ஆகையால் வரைகலைத் திரையிலே மட்டும் அம்மொழிகள் தெரிவுக்கு வரும். தொழில்நுட்பக் காரணம் நியாயமானதே. ஆனால் அப்பதிப்பிலே வரைகலைத் திரை தானாக வராது. தொடக்கத்திலே கறுப்புத் திரையில் ‘இன்ஸ்டோல்ஜியுஐ’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டவேண்டும். வெறுமனே என்டர் விசையை அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அம்மொழிப் பட்டியலில் தமிழ் இருக்காது. அதாவது, ஆங்கிலம் அறியாதவனுக்காக இரவு பகலாக உழைத்து ஆக்கிய தமிழ்த் திரையை அடைய, அவன் முதலில் ஓர் ஆங்கிலக் கட்டளையை அறிந்திருக்க வேண்டும். பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் ஒருவர் ‘எம்மிடம் தமிழ் இல்லை’ என்று கருதி எழுந்து போவார். அவர் பிழையா? பின்னைய பதிப்புகளில் வரைகலைத் திரை முன்வரிசைக்கு வந்து இக்குறை பெரிதும் நீங்கியது. தொடக்கப் பட்டி மட்டும் இன்றும் ஆங்கிலமே.

இது எமக்குப் புதிய அனுபவமன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழுக்குச் சில இடங்களிலே, சில காரியங்களுக்கு, கேட்டால் என்ற அளவில் இடமளித்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தமோ தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அந்த ‘உம்’மைப் பாருங்கள். இலக்கணகாரர் இதனை எச்சவும்மை என்பர்; முன்னரே ஒன்று இருக்க, இதுவும் அதனோடு சேர்கின்றது என்பது பொருள். ஒன்றில் புள்ளடி ஏற்கெனவே இடப்பட்டிருக்கின்றது. மற்றதன் பெட்டி பக்கத்திலே திறந்திருக்கின்றது. சட்டப் புத்தகத்திலே உரிமை உண்டு; பொலிஸ் நிலையத்திலே முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவிக்க நிற்கும் பெண்ணுக்கு அவ்வுரிமை கேட்டுப் பெறவேண்டிய பொதியாகி விடுகின்றது. கேட்டுப் பெறுவது என்றால் நேரம், துணிவு, அலைச்சல். நிறுவியிலே கூடுதலாக ஒரு கட்டளையைத் தட்டுவது சிறிது. கருமபீடத்திலே மீண்டும் ஒருநாள் வருவது பெரிது. ஆயினும் இரண்டும் ஒரே வகைச் சுமை. எவர்க்கு வசதி குறைவோ அவர்க்கே அது கூடுதலாக விழுகின்றது.

தமிழ் கிடைத்த பின்னரும் ‘எந்தத் தமிழ்’ என்ற கேள்வி எஞ்சுகின்றது. எமது பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘இயங்குதளம்’ என்பர். இது தாங்கிக்கொள்ளக்கூடிய வேறுபாடு. விசைப்பலகை அப்படியன்று. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 ஒரு முறை. இலங்கையிலே பழகி வந்த ரெங்கநாதன் முறை வேறு. ரெங்கநாதனிற் பழகிய கைக்குத் தமிழ்99 அந்நிய வீடு. கட்டற்ற மென்பொருளிலே இலங்கைத் தமிழுக்கான இட அமைப்பும் உண்டு, ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. யாரோ பொறுமையாக அவற்றைச் செய்து வைத்திருக்கின்றனர். அவர்க்கு எமது நன்றி. ஆனால் தமிழையும் இலங்கையையும் தெரிந்த ஒருவர்க்கு எவ்விசைப்பலகை முதலில் வந்து நிற்கவேண்டும் என்பதை எண்ணிப்பார்ப்பது இன்னொரு வேலை. பொதி களஞ்சியத்தில் இருப்பதும் விரல்நுனியில் இருப்பதும் ஒன்றல்ல.

இவ்விடத்திலே எமது வாதத்துக்கு எதிராகவே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மறைத்தால் நேர்மையாகாது. டெபியனின் திரைச்சூழல்களுள் நெடுங்காலமாக முன்னிற்பது குனோம். அது சற்றுப் பாரமானது. 2013இல் இலேசான எக்ஸ்எப்சிஇ என்பதை முன்னிறுத்துவதென முடிவாயிற்று. எமது சிறுவனைப் போன்றோர்க்கு நற்செய்தி அன்றோ? ஆனால் 2014இல் முடிவு மீண்டும் குனோமுக்கே திரும்பியது. கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது, பார்வையற்றோரும் பிற உடற்குறையுடையோரும் பயன்படுத்துவதற்கான வசதிகளில் குனோமே முன்னின்றது என்பது. பார்வையற்ற ஒருவர், பேசாத திரைச்சூழலில் விழுந்துவிட்டால், பட்டியலுக்கு மீண்டும் சென்று மாற்றிக்கொள்ள அவரால் இயலாது. மாற்றும் வழியே அவர்க்குப் புலப்படாது. டெபியனின் தொடக்கப் பட்டி ஆயத்தமானதும் கணினி ஒரு சிறு ஒலி எழுப்பும். கேட்டதும் ஒரு விசையை அழுத்தினால் நிறுவி முழுவதும் பேசத் தொடங்கும். திரையைக் காணாதவர்க்குத் திரை வந்துவிட்டது என்று சொல்லும் அச்சிறு ஒலியை அமைத்தவர் எவரோ, இப்பிரச்சினையின் வேரைக் கண்டவர்.

இங்கே இரு எளியோரின் நலன்கள் மோதுகின்றன. பழைய இயந்திரம் உடைய ஏழைச் சிறுவன் ஒருபுறம், கண்ணொளியற்றவர் மறுபுறம். பெரும்பான்மைக்கு எது நன்று என்று கணக்கிட்டால் எவ்விடையும் வரலாம். கணக்கு இங்கே உதவாது. நாம் கேட்பது வேறு. புள்ளடி தவறாக விழுந்தால் அதனைத் தானே அகற்றிக்கொள்ள எவரால் அறவே இயலாதோ, அவரை நோக்கியே அது முதலில் இடப்படவேண்டும். சிறுவனால், சொல்லிக்கொடுத்தால், மாற்ற இயலும். பார்வையற்றவரால் அந்நிலையில் இயலாது. ஆகவே 2014இன் முடிவு எமக்கு நியாயமானதாகவே படுகின்றது. ஆனால் அதனோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சொல்லிக்கொடுத்தால் என்று சொன்னோமே, அச்சொல்லை நிறுவி சொல்லியதா? இத்தகைய நிறுவிகள் நினைவகத்தின் அளவை அறியும். மிகக் குறைவாயின் தம் வேலைமுறையையே சுருக்கிக்கொண்டு, தாம் நின்றுவிடாது தப்பிக்கொள்ளும் நிறுவியும் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் அவ்வறிவை, எதிரே அமர்ந்திருப்பவனுக்கு ‘உன் இயந்திரத்துக்கு இது பாரம், கீழேயுள்ளது இலேசு’ என்று ஒரு வரியாகச் சொல்லப் பயன்படுத்தியிருந்தால், இரு எளியோரில் எவரையும் கைவிடவேண்டியதில்லை. பேச்சொலியோடு நிறுவுகிறவர் யார் என்பதும் நிறுவிக்குத் தெரிந்ததே.

கொள்கைத் தூய்மையின் விலையை யார் செலுத்துவது என்ற கேள்வி 2022இல் வெளிப்படையாகவே எழுந்தது. கம்பியில்லா இணைப்புக்குரிய பல சில்லுகள், தம் உற்பத்தியாளர் தரும் மூடிய நிரல்துண்டு இன்றி இயங்கா. அத்துண்டுகள் கட்டற்றவை அல்ல. ஆதலால் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவி அவற்றை ஏற்காதிருந்தது. ஏற்ற பதிப்பொன்று தனியே, ஒதுக்குப்புறத்திலே, இருந்தது. இருப்பிடம் அறிந்தவர் எடுத்துக்கொண்டனர். அறியாதவர் இணையமற்ற இயந்திரத்தோடு அமர்ந்திருந்தனர். இரண்டாம் கையில் வாங்கிய மடிக்கணினியைத் தவிர வேறொன்றில்லாதவர்க்குக் கொள்கை பேசி என்ன பயன் என்றனர் ஒரு சாரார். இன்று ஒன்றை ஏற்றால் நாளை எல்லாவற்றையும் ஏற்பீர் என்றனர் மறுசாரார். இரு சாராரும் நேர்மையானவரே. உறுப்பினர் வாக்களித்துத் தம் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினர். 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அத்துண்டுகள் நிறுவியிலேயே உள்ளன. எவை ஏற்றப்பட்டன என்பதைப் பயனர்க்குத் தெரிவிக்கவும், வேண்டாதவர் தொடக்கத்திலேயே தடுக்கவும் வழி வைத்தனர். நாம் இம்முடிவை வரவேற்கிறோம். தூய்மை காக்கப்படவேண்டியதே, ஆனால் அதற்கான தண்டத்தை வாயிலில் நிற்பவன் தலையில் அறவிடுவது முறையன்று.

மௌனம் எவ்வாறு எண்ணப்படுகின்றது என்பதையும் சிறிது பார்க்கவேண்டும். எந்தெந்தப் பொதிகள் பயன்படுகின்றன என்ற விவரத்தை வாரந்தோறும் அனுப்பச் சம்மதமா என்று டெபியன் நிறுவி கேட்கும். அதற்கு முன்கூட்டிய விடை ‘இல்லை’ என்பது. கேளாமல் ஒருவரின் வீட்டுக்குள் எட்டிப்பாராத இப்பண்பு போற்றத்தக்கது; பெருங் கம்பெனிகள் பல இதற்கு நேர்மாறாகச் செய்வதை நாம் அறிவோம். ஆயினும் இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். குறுந்தட்டுக் காலத்திலே, எப்பொதி முதல் தட்டில், எது பத்தாவது தட்டில் என்பதை இக்கணக்கின்படியே அடுக்கினர். தட்டுகளை நம்பியிருந்தவர் யார்? இணையம் இல்லாதவர். கணக்கை அனுப்பியவர் யார்? இணையம் உள்ளவர். ஆக, இல்லாதவரின் பெட்டியிலே என்ன இருக்கவேண்டும் என்பதை உள்ளவரின் பழக்கம் தீர்மானித்தது. எவரும் தீங்கு நினைக்கவில்லை. எண்ணிக்கைக்குள் வராதவனுக்கு விருப்பமே இல்லை என்று கொள்வது எத்துணை எளிதாக நிகழ்ந்துவிடுகின்றது!

இம்மென்பொருள்களை அந்நியர் எழுதுகின்றனர், நாம் பெறுவோர் மட்டுமே என்று எண்ணிச் சோர்வாரும் உளர். அவர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதியவும் இந்நாட்டு இளைஞரே சஹனா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2006இல் சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. அப்படிவங்களிலே எக்கேள்வியை முதலிற் கேட்பது என்பதைக் கரையில் நின்றவர்களைக் கண்டு தீர்மானித்தவர்கள் எம்மவர். பட்டியல் எழுதும் கை எமக்கும் உண்டு. தெமட்டகொடைக் கண்ணாடி மாளிகைக்குள்ளே அது நாள்தோறும் யாருக்காகவோ எழுதிக்கொண்டுதான் இருக்கின்றது.

அம்மாளிகையிலே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் சிறுவனின் தொடர்மாடியிலேயே மூன்றாம் மாடியில் வசிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்கி வந்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார். பட்டியல் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயரையும் வாசித்து அது என்ன செய்யும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொன்னார். கால் மணி நேரமாயிற்று. சிறுவன் ஒன்றை அழித்து, வேறொன்றில் இட்டான். மாமா கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணினி இப்போது ஓடுகின்றது. அம்பு சுட்டியோடு சேர்ந்தே அசைகின்றது.

“அண்ணா, நீங்க இப்ப சொன்னதையெல்லாம் பெயருக்குப் பக்கத்தில எழுதி வச்சா என்ன?” என்று சிறுவன் கேட்டான். எழுதலாம் என்றார் அவர். அப்படிக் கேட்டு அனுப்புவதற்கு ஓர் இடமும் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும் என்றார். சிறுவன் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம் தமிழில் எழுதினான். நாம் அதனை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். இளைஞர் அன்றிரவே அனுப்பினார்.